முடிச்சுக்கு நாலு விரல் மேலே

786

கள்ளக்குறிச்சி
12.8.2025, செவ்வாய்

அன்புத் தம்பி சுபைருக்கு அக்கா அஸ்ரப் நிஷா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை, பத்தாம் தேதி, அத்தாவுடைய வருஷ பாத்திஹா அன்று, மத்தியானம் லுஹர் தொழுது எல்லோரும் சாப்பிட்ட பிறகு என் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான். உன் மச்சான் கரீம், கையில் வெற்றிலைத் தட்டோடு வாசப்படியில் நின்றார். நீ. உன் வீட்டுக்காரி ரபியா. உன் மகள் ஜெபீனா. ஜெபீனாவைத் தன் மகன் நவுஷாத்துக்குக் கேட்டிருக்கிற முனவ்வர் பீ. அவருடைய மாமியார். அந்தம்மாவுக்குக் காது கேட்காது, உட்கார்ந்தபடியே தூங்கிக்கினு இருந்தார். மொத்தம் ஏழு பேர். காது கேட்டவர்கள் ஆறு.

"ஊரையே கூட்டி வெச்சி என் வயித்துல டேப்பு போட்டுச்சி எங்கக்கா" என்று நீ ரபியாவிடம் சொன்னதாகக் கேள்வி. ஏழு பேர் ஊர் ஆகாது. அதிலும் ஐந்து பேர் நம் ரத்தமும் நம் வீடும்.

ஜெபீனாவுக்கு ஜாக்கெட் அளவு எடுத்துக்கினு இருந்தேன், அதனால் டேப் கையில் இருந்தது. நீ ஃபேன் சுவிட்சைப் போட எட்டினாய். சட்டை மேலே ஏறியது. வயிறு தெரிந்தது. நான் யோசிக்கவில்லை, டேப்பைச் சுற்றிவிட்டேன். முப்பத்தாறு வந்தது. நம் ஊர் ஆம்பளைகளுக்கு வயிற்றுச் சுற்றளவு தொண்ணூறு சென்டிமீட்டர்தான் எல்லை, அதாவது முப்பத்தஞ்சரை. "அரை இஞ்ச் ஜாஸ்தி" என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். "அத்தாவுக்கும் இப்படி வயித்துலதான் ஆரம்பிச்சுது" என்று சொன்னது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். டேப் போட்டது தப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூலை மாசம் ஜமாஅத் மண்டபத்தில் நடந்த கேம்ப்பில் உன் ரத்தத்தில் மூணு மாசச் சக்கரை 6.2. டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். "இது சக்கரை நோய் இல்ல பாய். ஆனா பக்கத்துல வந்துட்டீங்க. கல்லீரல் டெஸ்ட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு. வயித்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. ஈரல்ல கொழுப்பும் இருந்து வயிறும் பெருத்திருந்தா, இதே 6.2 இருக்கிற மத்தவங்களைவிட நீங்க சீக்கிரம் சக்கரைக்குப் போயிடுவீங்க. மூணு மாசத்துல திரும்பி வாங்க." மூணு மாசம் என்றால் அக்டோபர். நீ தலையாட்டிவிட்டு வெளியே வந்து டீக்கடையில் மூணு ஸ்பூன் சக்கரை போட்டு டீ குடித்தாய்.

மூணு தடவை போன் செய்தேன். இரண்டு தடவை கட் செய்தாய், மூணாவது தடவை மலையில் டவர் இல்லை என்று வந்துவிட்டது. அதனால் எழுதி, செவ்வாயும் சனியும் உன் கடைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிற தங்கதுரையிடம் கொடுக்கிறேன். கவரை ஒட்டியிருக்கிறேன்.

நீ போனதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தஸ்பீஹ் மணி உருட்டினால் முப்பத்திமூணில் எண்ணிக்கை தப்பிப் போகிறது. உனக்கென்று எடுத்து வைத்த பிரியாணி டிபனை மூடியைத் திறக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை மலையிலிருந்து டவுனில் உன் வீட்டுக்கு இறங்கும்போது வெறும் வயிற்றோடு வா. ஸ்கேன் எடுத்துவிட்டுப் போ.

உன் அக்கா
அஸ்ரப் நிஷா

*

வெள்ளிமலைக்கு மேல, கடை
16.8.2025

அக்காவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உன் லிஸ்ட்டு கெடச்சிது. ஜன்னல்ல ஒரு பூனை உக்காந்திருந்துச்சி, அதை உட்டுட்ட. கணக்குல தப்பு வரக்கூடாது பாரு.

எனக்கு இன்னாக்கா கொறச்சல்? கைய பாரு, கால பாரு. கம்பு மாதிரி இருக்கு. கட ஆளு காசிநாதன் தூக்குற புளி மூட்டைய ஒரு பக்கம் நான்தான் புடிக்கிறேன். பேண்ட்டு சைஸு முப்பத்திநாலு, கல்யாணத்துலேர்ந்து மாறல. கொழுப்பு தேடணும்னா உன் வூட்டுலயே தேடு. மச்சான் வயிறு உள்ள வந்து கொஞ்ச நேரம் கழிச்சிதான் மச்சான் வராரு.

இன்னொண்ணு. ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி கேம்ப்புல எனக்கு 5.8 வந்துச்சி. அப்பவும் டாக்டரு, இடுப்ப அளந்து பாருங்க, முப்பத்தஞ்சரைக்கு மேல இருந்தா ஸ்கேன் எடுங்கன்னாரு. யாரு அளந்தது? நீ. "முப்பத்திநாலுதான் தம்பி, ஸ்கேனெல்லாம் வேணாம், போயி கடைய பாரு"ன்னு சொன்னது யாரு? நீ. வூட்டுல எல்லாரு அளவும் எழுதி வெக்கிறியே, அந்த நோட்டுல எழுதி கீழ பேரும் போட்ட. நான் உன் நோட்ட நம்புனேன். இன்னிக்கி ரெண்டு தட்டு பிரியாணி தின்னப்புறம் வந்த அரை இஞ்ச்ச வெச்சிக்கினு ஆட்டம் காட்டுற.

நீ டேப்ப பாத்துக்கினு இருந்த. நான் முனவ்வர் பீ மொகத்த பாத்துக்கினு இருந்தேன். மறுநா அவங்க ரபியாவுக்கு போன் போட்டு இன்னா கேட்டாங்க தெரியுமா? "சக்கரை உங்க மாமனார் பக்கம் பரம்பரையா?" அத்தாவுக்கு கால எடுத்தது இந்த டவுனுக்கே தெரியும். இப்ப மகனுக்கும் வந்துடுச்சின்னா, அடுத்தது பேத்திக்கும் வரும்னு கணக்கு போட மாட்டாங்களா? இன்னும் நிச்சயம் ஆவல. அக்டோபர் அஞ்சாம் தேதிதான் வராங்க. ஸ்கேன் எடுக்கிற எடத்துக்கு நேர் எதிர்ல அவங்க செருப்புக் கட. நான் உள்ள நொழைஞ்சா எறங்கறதுக்குள்ள செய்தி வூட்டுக்குப் போயிடும்.

என் பொண்ணு நிக்காஹ் முடியட்டும். நோம்பு கழிச்சி எடுத்துக்கறேன். அதுவரைக்கும் ஸ்கேன் பேச்சு வேணாம்.

சுபைர்

*

786

கள்ளக்குறிச்சி
23.8.2025, சனி

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை இதற்கு முன்னால் இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ எழுதினாயே, அரை இஞ்ச் பிரியாணி என்று. அது எனக்கு உறுத்தியது. சாப்பிட்ட பிறகு அளந்தால் எவ்வளவு ஏறும் என்று கேட்க, புதன்கிழமை நகர சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே கண்ணகி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள், ஜமாஅத் கேம்ப்புக்கும் வந்தவள். என் நோட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். அவள் இரண்டு பக்கம் புரட்டினாள்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. எங்க புடிப்பீங்க டேப்ப?"

"கைலி முடிச்சு மேல."

"பொம்பளைங்களுக்கு?"

"பாவாடை நாடா மேல. அங்கதானே எப்பவும் ஒரே எடமா இருக்கும்."

அவள் நோட்டை மூடினாள். "எல்லாரும் வயித்துக்குக் கீழதாம்மா கட்றாங்க. வயிறு பெருசாவ பெருசாவ முடிச்சு கீழ எறங்கும். நீங்க கைலிய அளந்திருக்கீங்க. வயித்த அளக்கல."

பிறகு என் கையைப் பிடித்து என் விலாவிலேயே வைத்துக் காட்டினாள். விலா எலும்பு முடிகிற இடம். இடுப்பு எலும்பு மேலே தட்டுப்படுகிற இடம். இரண்டுக்கும் நடுவில். மூச்சை இழுத்துப் பிடிக்கக்கூடாது, சாதாரணமாக விட்டபிறகு. டேப் இறுக்கக்கூடாது, சுற்றிலும் மட்டமாக இருக்க வேண்டும். துணிக்கு மேல் கூடாது.

வீட்டுக்கு வந்து உன் மச்சானைத்தான் முதலில் நிற்க வைத்தேன். "தம்பி கோவிச்சிக்கினு போனது பத்தாதா, நானும் போவணுமா" என்றார். முடிச்சு மேல் முப்பத்தேழு. என் நோட்டில் அவருக்கு எப்போதும் அதுதான். அங்கிருந்து நாலு விரல் மேலே, கண்ணகி சொன்ன இடத்தில், நாற்பத்தொண்ணு. நான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று மறுபடியும் வைத்தேன். நாற்பத்தொண்ணு.

சுபைர், நாலு இஞ்ச்.

ஒன்பது பேருடைய அளவு அந்த நோட்டில் இருக்கிறது. மொத்தம் நாற்பத்திமூணு தடவை அளந்திருக்கிறேன். ஒன்றுகூடச் சரியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் உனக்கு எழுதிய முப்பத்திநாலும் சரியில்லை. அன்றைக்கு டாக்டர் சொன்ன ஸ்கேனை எடுக்க விடாமல் உன்னைக் கடைக்கு அனுப்பியது நான்தான். 5.8 இரண்டு வருஷத்தில் 6.2 ஆக ஏறியது என் கையெழுத்தின் கீழே. அந்தப் பக்கங்களில் கோடு போட்டு, தப்பு என்று எழுதி, தேதி போட்டேன். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடமும் கேட்க வேண்டும், கேட்கிறேன்.

உன் கை கால் மெலிவைப் பற்றிச் சொன்னேன். கண்ணகி சிரிக்கவில்லை. "அப்படி இருக்கிறவங்கதான் ஏமாறுவாங்க. கொழுப்பு கையிலயும் கால்லயும் நிக்காம நேரா வயித்துக்கும் ஈரலுக்கும் போயிடும். பாக்க ஒல்லியாத்தான் தெரியும்" என்றாள். உன் பேண்ட் சைஸ் மாறாததற்குக் காரணமும் அதுதான். வயிறு பேண்ட்டுக்கு வெளியே வளர்ந்திருக்கிறது.

உன் கடையில் மூட்டை கட்டுகிற சணல் இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று, நான் சொன்ன இடத்தில் சுற்றி, முனை சேருகிற இடத்தில் வெட்டி, தங்கதுரையிடம் கொடுத்தனுப்பு. டேப் வேண்டாம், யாரும் பார்க்க வேண்டாம். நான் இங்கே அளந்துகொள்கிறேன்.

இரண்டு நாளாக உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வண்டி வருகிறதா என்று பார்க்கிறேன். சனிதான் வரும் என்று எனக்கே தெரியும்.

அக்கா

*

2.9.2025

அக்கா,

ரெண்டு வருஷம். போன வாரம் பூரா வேற எதுவும் தோணல. ரெண்டு வருஷம்.

திட்டி நாலு பக்கம் எழுதி வெச்சிருந்தேன். கட கல்லாவுக்கு அடியிலயே கெடக்குது. அனுப்புனா நீ அதையும் நோட்டுல ஏத்திக்கினு அழுவ.

சணல் உள்ள இருக்கு. தங்கதுரைக்கு இது இன்னான்னு தெரியாது. காசிநாதன் மட்டும் பாத்துட்டான். "இன்னா பாய், தாயத்து கட்டப் போறியா"ன்னான். ஆமான்னுட்டேன்.

அளந்துக்கோ. எவ்ளோன்னு எனக்கு எழுதாத. எனக்குத் தெரிய வேணாம்.

வெள்ளிக்கிழம மீலாதுக்கு கீழ வரேன். முனவ்வர் பீ வூட்டுல சாப்பாட்டுக்குக் கூப்புட்டிருக்காங்க. உன் வூட்டுக்கு வர நேரம் இருக்காது.

சுபைர்

*

786

கள்ளக்குறிச்சி
9.9.2025, செவ்வாய்

தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சணல் வந்தது. அளந்தேன். எழுதாதே என்றாய், எழுதவில்லை. மச்சானைவிட ஒரு இஞ்ச் கம்மி. அதை மட்டும் சொல்கிறேன்.

நீ என் தெருமுனையிலிருந்து நாலாவது வீட்டில் சாப்பிட்டுவிட்டு, என் வாசலைத் தாண்டாமல் சுற்றுவழியாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனாய். அதை நான் பேசப் போவதில்லை. வேறு ஒன்று பேச வேண்டும்.

ரபியா சனிக்கிழமை வந்தாள். நான் துருவிக் கேட்கவில்லை. அவளே சொல்லி அழுதாள். முனவ்வர் பீ வீட்டில் சாப்பிட்ட பிறகு தட்டில் தம்ரூட் வைத்தார்களாம், நெய்யும் ரவையும் சக்கரையும் போட்டு அடுப்பில் சுட்டது, துண்டு துண்டாக. நீ ஐந்து துண்டு எடுத்துத் தின்றாயாம். டீக்குச் சக்கரை போதுமா என்று கேட்டதற்கு, இன்னும் ஒரு ஸ்பூன் என்று நீயாகவே கேட்டு வாங்கினாயாம். ரபியா கண்ணைக் காட்டினாளாம், நீ பார்க்காத மாதிரி இருந்தாயாம்.

ஜூலையிலிருந்து இது மூணாவது தடவை என்றாள். பெண் பார்க்க வந்த அன்று பாதுஷா நாலு. நவுஷாத்தின் அண்ணன் வீட்டில் கேசரி இரண்டு தட்டு. தனக்குச் சக்கரை இல்லை என்று காட்டுவதற்கு ஒரு மனுஷன் சக்கரையைத் தின்பானா? நான் உன்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்குப் புரியவில்லை, அதனால் கேட்கிறேன்.

ரபியா போவதற்கு முன் அவளிடம் டேப்பைக் கொடுத்தேன். ஒன்பது பேரை அளந்த நோட்டில் என் பேர் இல்லை, அது உனக்குத் தெரியுமா? எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் வைத்தாள். முப்பத்தாறு. நீ ஆம்பளை, உனக்கு எல்லை முப்பத்தஞ்சரை. எனக்கு எல்லை முப்பத்தொண்ணரை. நான் ஒரு துண்டு தம்ரூட்கூட தின்பதில்லை. ஆனால் எல்லோரும் எழுந்து போனபிறகு தட்டில் மிஞ்சின சோற்றையும் குழம்புச் சட்டி அடியையும் வழித்துச் சாப்பிடுகிறேன். வீணாக்கினால் கேள்வி உண்டு என்று இருபத்தெட்டு வருஷமாக. பாவத்துக்குப் பயந்து தின்றது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பார்.

ஆகவே நானும் ரத்தம் கொடுக்க வேண்டும், நானும் ஸ்கேனுக்குப் படுக்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாகப் போக மாட்டேன். கள்ளக்குறிச்சி வேண்டாம் என்றால் வேண்டாம். சேலத்துக்குப் போகலாம். நீ மலையிலிருந்து கருமந்துறை வழியாக இறங்கு, நான் இங்கிருந்து பஸ் ஏறுகிறேன். அங்கே யாருக்கும் செருப்புக் கடை இல்லை.

நாள் நீயே சொல்.

அக்கா

*

வெள்ளிமலைக்கு மேல
13.9.2025

அக்காவுக்கு,

புரியலன்னு கேட்ட. எனக்கும் புரியலன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.

அந்த அம்மா தட்ட எங்கிட்ட நீட்டிட்டு, "எடுத்துக்குங்க சம்மந்தி. உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லியே"ன்னாங்க. சிரிச்சிக்கினுதான் சொன்னாங்க. ஆனா கைய எடுக்கல. தட்டு அங்கயே நிக்கிது. ஜெபீனா சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துக்கினு இருக்கு. ஒண்ணு எடுத்தேன். ஒண்ணு போதுமான்னு தோணிச்சி. ரெண்டாவது எடுத்தேன். அப்புறம் எதுக்கு எடுத்தேன்னே தெரியல.

திரும்பி வரும்போது கச்சிராயபாளையத்துல பஸ்ஸ நிறுத்தச் சொல்லி எறங்கிட்டேன். கோமுகி டேம் பக்கமா போயி உக்காந்தேன். எறங்கறப்ப கண்டக்டரு "இன்னா பாய், வாந்தி வருதா"ன்னாரு. வாந்தியெல்லாம் இல்ல. தாகமா இருந்துச்சி. ஒரு பாட்டில் தண்ணியும் குடிச்சேன். குடிச்சதும் பயம் வந்துடுச்சி. இந்தத் தாகம் அந்தத் தாகமான்னு. இப்பல்லாம் எல்லாமே அப்படித்தான் இருக்கு. ஒண்ணுக்குப் போனா பயம். கால் மரத்துப்போனா பயம், அப்புறம் பாத்தா மூட்ட மேல உக்காந்து மரத்திருக்கும். செருப்பு கடிச்சா டார்ச் அடிச்சி காயம் இருக்குதான்னு பாக்கறேன்.

அத்தா படுத்திருந்தப்ப நீ கல்யாணம் ஆயி போயிட்ட. வெள்ளிக்கிழம வந்து அத்தா தலமாட்டுல யாசீன் ஓதிட்டுப் போவ. கட்டு பிரிச்சது நானு. ஏழு மாசம், தெனம் காலைல, ஃபஜ்ரு தொழுதுட்டு. முதல்ல கட்ட விரலு. அப்புறம் பாதம். டாக்டரு முட்டிக்குக் கீழ எடுக்கணும்னு சொன்னப்ப, "எடுக்காத கால்லயே நான் போயிடறேன்டா"ன்னாரு. கையெழுத்து போட்டது நானு. அந்தக் கட்டுத்துணி வாட இன்னிக்கும் சில நேரம் வரும், வெறுங்காத்துல.

உனக்கு அது ஒரு கணக்கு அக்கா. 6.2, முப்பத்தஞ்சரை, அப்படி. எனக்கு அது அந்த வாட. ஸ்கேன் எடுக்கலன்னா அது இல்லன்னு இருக்கலாம் இல்ல? முனவ்வர் பீ ஒரு சாக்குதான், முழுசா இல்ல, முக்கா. கால் பங்கு நெசம். என் பொண்ணு வாழ்க்க.

உன் முப்பத்திநாலு மேல எனக்குக் கோவம் போயிடுச்சின்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆனா நீ நாப்பத்தொண்ணு எழுதாம, தப்பு நடந்ததையே எழுதாம உட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அதை நெனச்சா கொஞ்சம் எறங்குது.

இருபத்திநாலாம் தேதி, புதன். சேலம் புது பஸ் ஸ்டாண்டு. ஏழர மணிக்கு. வெறும் வயித்துல வரேன். நீயும் வழியில எதையும் வழிச்சி சாப்புடாத.

சுபைர்

*

786

கள்ளக்குறிச்சி
27.9.2025, சனி

அன்புத் தம்பி சுபைருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கருமந்துறை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே ஓடிவிட்டாய். பஸ் சாக்கு என்று எனக்குத் தெரியும். இப்போது சாக்கு எல்லாம் முடிந்தது, படி.

உனக்குச் சக்கரை நோய் இல்லை. 6.3. இன்னும் இரண்டு புள்ளி ஏறி 6.5 ஆனால் அந்தப் பக்கம். ஈரலில் கொழுப்பு இருக்கிறது, இரண்டாம் நிலை. எனக்கு 5.9, கொழுப்பு முதல் நிலை. இரண்டு பேருக்கும் ஒரே டாக்டரம்மாதான் பார்த்துச் சொன்னார். உன் வயிற்றை அவரே அளந்ததால் அதை இனி நான் மறைக்க முடியாது. நாற்பது. இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

நான் அவரிடம் நேராகக் கேட்டேன். "டாக்டர், எங்கத்தா கால் போயி செத்தாரு. இவனுக்கும் அப்படித்தானா?" அவர் பேனாவை வைத்துவிட்டுப் பேசினார். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சப்ப புண்ணோட வந்திருக்காரு. இவருக்குப் புண்ணும் இல்ல, சக்கரையும் இல்ல. ஆனா மூணும் ஒண்ணா இருக்கு. ஈரல் கொழுப்பு, வயிறு, 6.3. இப்படி விட்டா சக்கரைக்குப் போயிடுவாரு, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. விடலன்னா திரும்பி வர நிறைய வாய்ப்பு இருக்கு. இந்த ஈரல் கொழுப்பு கரையக்கூடியதுதான்."

உனக்கு எழுபத்தெட்டு கிலோ. அதில் ஐந்தரை கிலோ இறக்க வேண்டும். நூற்றுக்கு ஏழு. ஆறு மாசத்தில். மூட்டை பிடிப்பது போதாது, தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சோறு பாதி. நீ ஒரு நாளைக்கு எட்டு டீ என்று நான் சொன்னேன், எட்டுக்கும் மூணு ஸ்பூன் என்றால் இருபத்திநாலு என்று அவரே கணக்குப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மலைச் சாமை நல்லது என்று தட்டு நிறையத் தின்னக்கூடாதாம், அதுவும் அளவுதான். இனிப்பு அறவே வேண்டாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம். மாத்திரை இப்போது இல்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து நேற்றே தங்கதுரையிடம் கொடுக்க எடுத்து வைத்தேன். அதற்குள் முனவ்வர் பீ வந்துவிட்டார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆம்பளைகள் வந்து சாப்பிட்ட நேரம். தனியாக வந்தார். தண்ணீர்கூட வாங்கவில்லை. "சுத்தி வளைக்காமக் கேக்கறேன், அக்கா. உங்க தம்பிக்குச் சக்கரையா?" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகியிருக்காது. ரிப்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் ஐந்தாம் தேதி அவர் கையில் மறுபடியும் ஒரு தட்டு இருக்கும், நீ மறுபடியும் எடுப்பாய் என்று தோன்றியது. அதை விழுங்கிவிட்டு அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரே பேசினார்.

"மீலாது அன்னிக்கு அஞ்சு தம்ரூட் சாப்பிட்டாரு. நான் எண்ணிக்கினு இருந்தேன். ஒண்ணும் இல்லாதவங்க ஒண்ணு எடுப்பாங்க, போதும்னு வெச்சிடுவாங்க. எங்க வூட்டுக்காரரு உயிரோட இருந்தப்ப ஜமாஅத்து விருந்துல இப்படித்தான் நாலு அஞ்சுன்னு எடுப்பாரு, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கினே இருந்தேன். ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு நான் தட்ட நீட்டினது சோதிக்கத்தான். நீட்டிட்டு அவரு தின்னத் தின்ன எனக்கு ராவெல்லாம் மனசு சரியில்ல."

அவருடைய கணவர் மாரடைப்பில் போனார் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கினு இருந்தோம். கூடவே பன்னிரண்டு வருஷம் சக்கரையும் இருந்திருக்கிறது. ஒரு உறவுக்கும் தெரியாது. நவுஷாத்துக்கே அவர் போனபிறகுதான் தெரியுமாம்.

"எனக்கு நோய் இருக்கிற சம்மந்தி வேணாம்னு இல்லக்கா. மறைக்கிற வூட்டுல இன்னொரு தடவ போயி மாட்டிக்க என்னால முடியாது. அவரே வந்து சொல்லட்டும். எது இருந்தாலும் சரி. சொல்லலன்னா நாங்க அஞ்சாம் தேதி வரல" என்றார்.

நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் உன் உடம்பைப் பற்றி ஏழு பேர் முன்னால் பேசி ஒரு தடவை பட்டுவிட்டேன். இந்தத் தடவை ஒருத்தர் முன்னால்கூடப் பேசவில்லை. "அவன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். புதன்கிழமைவரை பதிலுக்குக் காத்திருப்பேன் என்றார். போகும்போது என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதிலிருந்து நான் வீட்டுக்குள்ளேயே நடந்துக்கினு இருக்கிறேன். உன் மச்சான், "டாக்டரம்மா சொன்ன முக்கா மணி நேரம் எப்பவோ ஆயிடுச்சி, உக்காரு" என்கிறார். உட்கார்ந்தால் ஜெபீனா முகம் வருகிறது. அந்தப் பெண் நேற்று வந்து, "மாமி, அத்தாவுக்கு இன்னா சொன்னாங்க" என்று கேட்டது. அதற்கும் உன்னைக் கேட்டுத்தான் சொல்வேன் என்றேன். அதுக்கும் உரிமை இருக்கிறது இல்லையா, தம்பி? நாளைக்கு அதுவும் முப்பது வயதில் ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

நீயே வந்து முனவ்வர் பீயிடம் சொல்கிறாயா, உன் பேரைச் சொல்லி நான் சொல்லட்டுமா, அல்லது சொல்லவே வேண்டாம் என்கிறாயா? மூணில் ஒன்று எழுது. எதுவானாலும் நான் அதன்படி நடப்பேன்.

செவ்வாய்க்கிழமை வண்டியில் பதில் அனுப்பு.

உன் அக்கா
அஸ்ரப் நிஷா